இடது கைக்காரர்கள் மைப்பேனாவில் கடிதம் எழுத முடியுமா?

நீலவரி கேட்டது:

எனக்கு இடது கைப் பழக்கம். வெளிநாட்டில் வேலைக்குப் போன தோழியோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். ஆனால் போன மாதம் அவளிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது, மைப்பேனாவில் எழுதியது. அங்கே தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இத்தனை நாள் பேச்சில் அவள் இதை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானும் அதே மாதிரி பதில் எழுத வேண்டும் என்று ஒரு மைப்பேனா வாங்கினேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் கையெல்லாம் மை, தாளெல்லாம் தீற்றல். போதாக்குறைக்கு நிப் தாளைக் கீறுகிறது. இடது கைக்காரர்கள் யாராவது இதில் எழுதுகிறீர்களா? இல்லை, பால்பாயிண்டிலேயே எழுதிவிடலாமா?

மைவிரல் எழுதியது:

தாராளமாக எழுதலாம். நானும் இடது கைதான், என் அக்காவுக்கு மைப்பேனாவில்தான் எழுதுகிறேன்.

முதலில் தாளைத் திருப்புங்கள். தாளின் மேல் விளிம்பு வலப்பக்கம் சாயட்டும், கை வரிக்குக் கீழே இருக்கட்டும். வரிக்கு மேலே கையை வளைத்துக்கொண்டு எழுதினால் ஈர மையின் மேலேயே கை ஊர்ந்து போகும். கீழே வைத்துவிட்டால் எழுதிய வரியைக் கை தொடவே தொடாது. கழுத்து கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும்.

கீறுவதற்குக் காரணம் வேறு. வலது கைக்காரர்கள் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறார்கள், நாம் தள்ளுகிறோம். அழுத்தித் தள்ளினால் நிப்பின் பிளவு விரிந்து முனை தாளில் குத்தும். மைப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. மை இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று மேலே ஏறும். 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது இந்த ஏற்பாட்டுக்குத்தான். முனை தாளைத் தொட்டாலே மை தானாக இறங்கும். பால்பாயிண்டில் முனைக் குண்டை உருட்டி உருட்டிப் பழகிய கைக்கு இதை நம்பத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. நம்பிவிட்டால் பக்கம் பக்கமாக எழுதினாலும் விரல் வலிக்காது. எனக்கு இந்தப் பேனாவில் பிடித்ததே அதுதான்.

நிப் மெல்லியதாக இருக்கட்டும், உருண்டை முனையாக. பட்டை வெட்டு நிப் நம் கைக்கு முரண்டும். மெல்லிய நிப்பில் மை குறைவாக இறங்குவதால் சீக்கிரம் காயும். தமிழுக்கும் அதுவே நல்லது. பொடியாக எழுதும்போது தடித்த நிப்பில் ண, ஞ இவற்றின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். வழவழப்பான தாளும் வேண்டாம். மை மேலாகவே நின்று காய நேரமாகும்.

உங்கள் தோழி பேச்சில் சொல்லாததைக் கடிதத்தில் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எனக்கும் அக்காவுக்கும் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. போனில் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் குறுக்கே வருவாள், எனக்குக் குரல் ஏறும், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தேன். அவளும் தன் பக்கத்தை முழுதாக எழுதினாள். அவள் அன்றைக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் முழுதாக ஒரு வரியை அடித்துவிட்டு அதையே கீழே மெதுவான சொற்களில் எழுதியிருக்கிறாள். அந்த அடித்தலை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குறுஞ்செய்தியில் அது எனக்கு வந்தே சேர்ந்திருக்காது.

தாள்கட்டு எழுதியது:

நான் மாறுபடுகிறேன். கடிதம்தான் முக்கியம், பேனா இல்லை. லாஸ்லோ பிரோ 1938இல் பால்பாயிண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே உடனே காயும் மைக்காகத்தான். உங்கள் பிரச்சினைக்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. தோழி அங்கே காத்திருக்கிறாள், இன்றைக்கே பால்பாயிண்டில் எழுதிப் போடுங்கள். டென்மார்க்கில் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் 2025ஆம் ஆண்டோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. தபால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுவதுதான் அவசரம்.

மைவிரல் எழுதியது:

முதல் கடிதத்துக்கு நீங்கள் சொல்வது சரி, தாமதிக்க வேண்டாம். ஆனால் பேனா முக்கியமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். எழுதுவது கைக்கு இதமாக இருந்தால்தான் இரண்டாவது, மூன்றாவது கடிதம் வரும். அதோடு, வாரக்கணக்கில் சும்மா வைத்தால் நாக்கில் மை காய்ந்துவிடும். அது காயக்கூடாது என்றே உட்கார்ந்து எழுதிய கடிதங்கள் என்னிடம் உண்டு.

நீலவரி எழுதியது:

தாளைச் சாய்த்துப் பார்த்தேன், கையில் மை ஒட்டவில்லை! கீறல் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அழுத்துகிறேன் போல. முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. உறையிலும் இதே நீல மையில் முகவரி எழுதலாமா?

மைவிரல் எழுதியது:

வேண்டாம். சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ஒரு மழை போதும். முகவரியை மட்டும் பால்பாயிண்டில் எழுதுங்கள், தாள்கட்டுக்கும் சந்தோஷமாக இருக்கும். கடிதம் நெடுங்காலம் நிற்க வேண்டுமென்றால் பின்னால் இரும்பு உப்பு கலந்த இரும்பு மை (iron gall ink) வாங்கிப் பாருங்கள். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டுக் கறுக்கும். அமிலத்தன்மை உள்ளது, அதனால் பேனாவில் கிடக்க விடாமல் அடிக்கடி தண்ணீரில் கழுவிவிடுங்கள்.