இரைப்பையில் விழுந்த துளை ஏன் மூடவில்லை?

வைகைக்கரை: அப்பாவுக்கு உணவு செலுத்த வயிற்றில் பெக் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். அது கழன்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடுமாம். ஆனால் 1822-இல் குண்டடிபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பைத் துளை, 1880-இல் அவர் சாகும்வரை மூடவில்லையே, எப்படி?

ஓய்வுபெற்ற செவிலி: முதலில் அப்பா விஷயம். குழாய் கழன்றால் நீங்களே திணிக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த வழியைத் திறந்து வைத்திருப்பதே குழாய்தான். எடுத்துவிட்டால் சுற்றியுள்ள திசு சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

செயின்ட் மார்ட்டின் கதை வேறு. அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில், மிக அருகில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. விலா எலும்பு நொறுங்கி, இரைப்பை கிழிந்தது. அவர் பிழைப்பார் என்றே ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் நினைக்கவில்லை. பிழைத்தார். ஆனால் கிழிந்த இரைப்பையின் விளிம்பு, வெளிக்காயத்தின் விளிம்போடு சேர்ந்து ஆறிவிட்டது. உள்ளிருக்கும் சளிச்சவ்வும் வெளித்தோலும் நேராகச் சேர்ந்துவிட்டால், ஒட்டுவதற்குப் பச்சைப் புண் ஏது? கொலோஸ்டமியில் (மலம் வெளியேற வயிற்றில் வழி திறக்கும் அறுவையில்) குடலைத் தோலோடு தைப்பதும் இதற்காகத்தான். பின்னர் இரைப்பையின் உள்மடிப்பு ஒன்று கதவுபோல் துளையை அடைத்துக்கொண்டது. விரலால் தள்ளினால் திறக்கும்.

புதுக்கோட்டை வாசகன்: அந்தக் கதவு வழியாகத்தானே, செரிமானம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, போமான்ட் பட்டு நூலில் இறைச்சி கட்டி இறக்கினார்?

ஓய்வுபெற்ற செவிலி: ஆம், 1825 ஆகஸ்ட் 1, நண்பகல். இறைச்சியோடு ரொட்டியும் முட்டைக்கோசும். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால், ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை: இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடல் சூட்டில் வைத்து, மாட்டிறைச்சியைப் போட்டார். அங்கும் கரைந்தது. செரிமானம் வெறும் அரைப்பு அல்ல, வேதிவினை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

வைகைக்கரை: செயின்ட் மார்ட்டின் இந்தச் சோதனைகளுக்கு மனமொப்பித்தான் படுத்துக் கிடந்தாரா?

ஓய்வுபெற்ற செவிலி: போமான்டோடு போட்ட 1832 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 150 டாலர், சாப்பாடு, தங்குமிடம். கையெழுத்துக்குப் பதில் ஒரு குறிதான் போட்டார். அதற்கு முன்பே ஒருமுறை சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டவர். துளையை மூட அவரே மறுத்தார் என்பது போமான்ட் தரப்புப் பேச்சு. நோயாளியின் தரப்பை யார் எழுதி வைத்தார்கள்? அவர் இறந்ததும், பிணத்தை அறுத்துப் பார்க்க மருத்துவர்கள் ஆசைப்பட்டார்கள். குடும்பத்தார் உடல் அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள். வார்டில் காலம் தள்ளியவள் நான். இதில் குடும்பத்தார் பக்கம்தான்.