கடை வாடகையை யாரிடம் கொடுப்பது? அவசரம் (தர்மபுரி)

நாலுரோடு_கடை:
வணக்கம். நாலு ரோடு பக்கம் செல்போன் கடை. ஓனரும் சம்சாரமும் பிரிந்துவிட்டார்கள், கேஸ் நடக்கிறது. இனி வாடகை எனக்குத்தான் என்று அந்தம்மா வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். அவளுக்குக் கொடுத்தால் ஷட்டரைப் பூட்டுவேன் என்கிறார் ஓனர். அஞ்சாம் தேதி கெடு. என்ன செய்ய?

பழையபேட்டை:
பத்திரம் யார் பேரில்? அக்ரிமெண்டில் யார் கையெழுத்து? அட்வான்ஸ் யார் வாங்கினது?

அரூரான்:
பட்டா யார் பேரோ அவருக்குக் கொடுங்க. முடிஞ்சது.

செக்‌ஷன்_சாமி:
பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல. அப்புறம், ஓனர் என்று ஏற்றுக் குடிவந்தவரை, கடையில் இருந்துகொண்டே நீ ஓனர் இல்லை என்று வாடகைதாரர் சொல்ல முடியாது. சாட்சியச் சட்டம். கடையை வாடகைக்கு விட்டவருக்கே கொடுங்கள்.

அரூரான்:
பட்டா இல்லாமல் பேங்க்ல லோன் வாங்கிக் காட்டுங்க சாமி.

செக்‌ஷன்_சாமி:
லோனும் உரிமையும் ஒன்றா?

அரூரான்:
உரிமை இல்லாதவனுக்கா பட்டா தர்றாங்க?

ஓசூர்_பில்டர்:
பட்டா பஞ்சாயத்தைத் தனி இழையில் வையுங்கப்பா. கடைக்காரரே, யாருக்கும் கொடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள். வாடகை பாக்கி என்று காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். 2019இல் அமலுக்கு வந்த 2017 வாடகைச் சட்டத்தில், யாருக்குத் தருவது என்று தெரியாவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். எழுத்து ஒப்பந்தம், பதிவு எல்லாம் கேட்பார்கள். இருவருக்கும் பதிவுத் தபால் போடுங்கள்: கோர்ட் யாருக்கு என்கிறதோ அவருக்குத் தருகிறேன், பணம் தயார். ரொக்கமாக யாரிடமும் நீட்டாதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் ஷட்டரைப் பூட்டி வெளியேற்ற ஓனருக்கு உரிமை இல்லை.

நாலுரோடு_கடை:
நன்றிங்க. பத்திரம் அந்தம்மா பேர்ல, அவங்க அப்பா செட்டில்மெண்டா, அதாவது தானமா எழுதிக் கொடுத்தது. அக்ரிமெண்ட் ஓனர் கையெழுத்து, பதினோரு மாசம், பதிவு இல்லை.

பழையபேட்டை:
இதைத்தானே முதலில் கேட்டேன்! வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, செட்டில்மெண்ட் ரத்து ஏதும் இருக்கா என்று.

செக்‌ஷன்_சாமி:
அப்படியென்றால் விஷயமே வேறு. முழுசாகச் சொல்லாமல் கேட்டால் இப்படித்தான்.

நாலுரோடு_கடை:
ரெண்டு பேருக்கும் தபால் போட்டாச்சு. வக்கீல் பார்த்துக்கறார்.

பழையபேட்டை:
சரி, அட்வான்ஸ் யார் கையில்? அதை இன்னும் சொல்லலையே.