திருகோணமலை நிருபர்மாருக்கு சுற்றாடல், விஞ்ஞானச் செய்தி எழுதப் பழக்கிறதெண்டா எங்க இருந்து தொடங்குறது?

நிலாவெளி நிருபர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில ஒரு பத்திரிகைக்கும் ஒரு இணையத்தளத்துக்கும் பிரதேச நிருபரா எழுதுறன். எங்களப் போல ஆக்கள் கோட்ஸ், விபத்து, கூட்டம், திறப்புவிழா எண்டே ஓடித்திரியிறம், ஆனா இந்த மாவட்டத்துச் சனத்தைப் போட்டு ஆட்டுறது வேற விசயங்கள். புறாமலைத் தீவில முருகைக்கல் (பவளப்பாறை) வெளிறுது, புல்மோட்டையில இல்மனைட் எண்ட கனிம மணல் அள்ளுறாங்க, மகாவலி பெருகினா வெருகலும் மூதூரும் தண்ணிக்குள்ள, மழை விட்டா டெங்கு. இதெல்லாம் எழுதாம இல்ல, எழுதுறம், ஆனா பிரதேச செயலாளர் சொன்னார், பொதுமக்கள் விசனம் எண்டு நாலு வரியோட முடிஞ்சிடும். ஏன் நடக்குது, இனி என்ன நடக்கும் எண்டு வாசிக்கிறவருக்கு ஒண்டும் போய்ச் சேராது.

இப்ப நாங்க கொஞ்சப் பேர் சேந்து ஒரு பயிற்சி வைக்கலாம் எண்டு யோசிக்கிறம். ஒரு நிறுவனம் ஒருநாள் செயலமர்வுக்கு மண்டபமும் சாப்பாடும் சேர்ட்டிபிக்கட்டும் தாறம் எண்டு சொல்லியிருக்கு. எனக்கு அது காணாது எண்டு படுது. என்ன படிப்பிக்கோணும், தமிழில ஆர் படிப்பிப்பினம், எவ்வளவு காலம் வைக்கோணும்? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

உவர்மலை அக்கா:

தம்பி, ஒருநாள் செயலமர்வை விடுங்கோ. காலமை ஒராள் காலநிலை மாற்றம் எண்டா என்ன எண்டு ஸ்லைட் போடுவார், பின்னேரம் குரூப் போட்டோ, அடுத்த நாள் எல்லாரும் பழையபடி. கன காலமா இந்தத் தொழிலில இருந்து பாத்ததில சொல்லுறன், நிருபர் பழகுறது ஒரு கதையை எடுத்து முடிக்கேக்கதான். ஆளுக்கொரு கதை, மூண்டு நாலு மாசம், இடையில ரெண்டு மூண்டு தரம் சந்திப்பு. ஒவ்வொரு சந்திப்பிலயும் எழுதினதை வைச்சு வரி வரியாக் கிழிக்கோணும், விஞ்ஞானம் தெரிஞ்ச ஒராளும் பத்திரிகை தெரிஞ்ச ஒராளும் பக்கத்தில இருக்கோணும்.

ரெண்டாவது, டெஸ்க்கில இருக்கிற உதவி ஆசிரியரையும் கூப்பிடுங்கோ. இது ஒருத்தரும் செய்யிறதில்ல. நிருபர் கவனமா எழுதி அனுப்புவான், தலைப்புப் போடுறது கொழும்பிலயோ யாழ்ப்பாணத்திலயோ இருக்கிற இன்னொராள், அவர் ‘அழிந்தது’ எண்டு போட்டா எல்லாம் முடிஞ்சுது.

மூண்டாவது, ஆவணம் வாசிக்கப் பழக்குங்கோ, எனக்கு இதுதான் பெரிசு. சம்பூர் அனல்மின் நிலையத்தை எடுங்கோ, 500 மெகாவோற் நிலக்கரித் திட்டம், இந்தியாவிட என்.டி.பி.சி.யும் மின்சார சபையும் சேந்து. கடைசியில 2016 செப்டம்பரில அதைக் கட்டப்போறதில்ல எண்டு அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. அந்த வருசங்களில எங்கட பத்திரிகைகளில காணிப் பிரச்சினையும் அரசியலும் நிறைய வந்தது, அது வரவேணும்தான், ஆனா நிலக்கரிச் சாம்பலை எங்க கொட்டுவாங்க, குளிர வைக்க எடுக்கிற கடல்தண்ணி திரும்பச் சூடா வெளிய வரேக்க மீனுக்கு என்ன ஆகும் எண்டு தமிழில தேடினா அருமை. அப்பிடிப்பட்ட பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒண்டு வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் குடுப்பாங்க. அந்த 30 நாளுக்குள்ள நிருபர் அதை வாசிச்சு எழுதினாத்தான் சனத்துக்குப் பிரயோசனம், முடிஞ்சாப் பிறகு எழுதி என்ன. அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், முழுக்க வாசிக்கத் தேவையில்ல, எந்தப் பகுதியில தாக்கம், எந்தப் பகுதியில மாற்று வழி, கண்காணிக்கிறது ஆர் எண்டு தேடத் தெரிஞ்சாக் காணும். கேட்டும் தராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், 14 வேலைநாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு அவை முடிவு சொல்லோணும். பயிற்சிக்கு வாற ஒவ்வொருத்தரும் முதல் நாளே ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பட்டும், பயிற்சி முடியிறதுக்குள்ள பதில் கையில இருக்கும்.

பார்க்கடல்:

அக்கா சொன்னதோட நூறு வீதம் உடன்படுறன். நான் கடல்சார் விஞ்ஞானம் படிச்சிட்டு இப்ப படிப்பிக்கிறன், அதால முருகைக்கல்லை மட்டும் சொல்லுறன்.

வெளிறினது எண்டா செத்தது எண்டு அர்த்தமில்ல. முருகைக்கல்லுக்குள்ள நுண்ணிய பாசி குடியிருந்து சாப்பாடு செஞ்சு குடுக்குது, நிறமும் அதாலதான். கடல்தண்ணி வழமையான கோடை உச்சத்தை விட ஒரு பாகை கூடி சில கிழமை அப்பிடியே நிண்டா அந்தப் பாசி வெளிய போயிடும், வெள்ளை எலும்புக்கூடு தெரியும். சூடு கெதியா இறங்கினா பாசி திரும்ப வரும், இறங்காட்டி பட்டினியில சாகும். ஆகவே ‘புறாமலை முருகைக்கற்கள் அழிந்தன’ எண்டு மே மாசத்தில எழுதுறதும் பிழை, ‘வெளிறல் சாதாரண விடயம்’ எண்டு ஒரு அதிகாரி சொன்னதை அப்பிடியே போடுறதும் பிழை. சரியான வேலை என்னெண்டா மே மாசம் ஒருக்காப் போய்ப் பாத்து, அதே இடத்துக்கு ஓகஸ்ட்டில திரும்பப் போய் எவ்வளவு மீண்டது எண்டு எழுதுறது. ரெண்டாவது செய்தியை ஒருத்தரும் எழுதுறேல்ல.

இன்னொண்டு, சூட்டை ஆரிட்டயும் கேட்டுக்கொண்டு இருக்கத் தேவையில்ல. அமெரிக்காவிட நோவா நிறுவனம் செய்மதியால கடல்சூட்டை அளந்து இலவசமா இணையத்தில போடுது. அதில வெப்பம் எவ்வளவு கூடி, எத்தின கிழமை நிண்டது எண்டதைச் சேத்து ‘பாகை-கிழமை’ எண்டு ஒரு அளவு இருக்கு, அது 4 ஐத் தாண்டினா வெளிறல் வரும், 8 ஐத் தாண்டினா கடும் வெளிறலும் இறப்பும் எதிர்பாக்கலாம். போனில பாக்கலாம். 2024 ஏப்ரலில நாலாவது உலகளாவிய வெளிறல் எண்டு அவையும் சர்வதேச முருகைக்கற்பாறை முன்னெடுப்பும் அறிவிச்சதும் இப்பிடியான தரவை வைச்சுத்தான். ஆனா உலகச் செய்தியை அப்பிடியே எங்கட ஊருக்கு ஒட்டக் கூடாது. 1998 இல தெற்கு, மேற்குக் கரைப் பார்கள் மோசமா அடிபட்டது, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பினது. அதே நாடு, அதே வருசம்.

எங்கள மாதிரி ஆக்களிட்ட கேள்வி கேக்கவும் பழகோணும். ‘இதற்குக் காரணம் என்ன’ எண்டு கேட்டா நான் பத்துக் காரணம் சொல்லுவன், நீங்க ஒண்டைப் போடுவீங்க. ‘இது உங்களுக்கு எப்பிடித் தெரியும், எங்க அளந்தது, எத்தின தரம் அளந்தது, இதை ஏற்காத ஆக்கள் இருக்கினமோ’ எண்டு கேளுங்கோ. அதோட விஞ்ஞானி ‘இருக்கலாம்’ எண்டு சொன்னா அந்த ‘லாம்’ செய்தியிலயும் இருக்கட்டும், தயவுசெஞ்சு வெட்டாதீங்கோ.

கிண்ணியா பீ.எச்.ஐ:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ). தம்பி, சுற்றாடல் என்டா கடல் மட்டுமில்ல, எங்கட பக்கத்தையும் சேத்துக்கொள்ளுங்க. 2017 மார்ச்சில கிண்ணியாவில டெங்கு அடிச்ச நேரம் ஆஸ்பத்திரியில கட்டில் இல்லாம சனம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்த வருசம் நாடு முழுக்க 1,86,101 பேருக்கு டெங்கு என்டு சந்தேகிக்கப்பட்டு பதிவாகினது. அந்த நேரத்தில ‘மர்மக் காய்ச்சல்’ என்டு செய்தி போட்டா என்ன நடக்கும்? மர்மம் என்டா சனம் பயப்படும், ஆனா தண்ணி நிக்கிற டயரையும் தாங்கியையும் பாக்காது. டெங்குக்கு நான்கு வகை வைரஸ் இருக்கு, ஒரு வகையில வந்து சுகமான ஆளுக்கு வேற வகை திரும்ப வந்தா கடுமையாகுற ஆபத்துக் கூட. 2017 இல அதிகமாப் பரவினது ரெண்டாவது வகை. இத நல்ல தமிழில ரெண்டு வரியில எழுதியிருந்தா போன வருசம் வந்துட்டுதுதானே இனி வராது என்டு இருந்த எத்தினையோ பேர் உசாராகியிருப்பாங்க.

நம்பர் பாக்கவும் பழக்கோணும். சந்தேகம் வேற, பரிசோதனையில உறுதியானது வேற. இந்தக் கிழமை கூடிட்டுது என்டா போன கிழமையோட மட்டும் பாக்காம போன வருசம் இதே கிழமையோடயும் பாக்கோணும். ஒரு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில 40 பேர், மற்றதில 20 பேர் என்டா முதலாவது மோசம் என்டு எழுதிருவாங்க, சனத்தொகை எவ்வளவு என்டு பாக்க மாட்டாங்க. நான் வந்து ரெண்டு மணித்தியாலம் கணக்குச் சொல்லித்தர ரெடி, காசு வேணாம்.

வெருகலான்:

வெள்ளத்தை மறக்காதீங்க. டித்வா புயல் நேரம் எங்களுக்கு வந்த செய்தியில கனக்க வாட்ஸ்அப் வதந்தி. குளம் உடைஞ்சிட்டு எண்டு ஒரு வொயிஸ் வந்தா ஊரே எழும்பி ஓடும், ஏனெண்டா 1986 ஏப்ரலில கந்தளாய்க் குளம் உண்மையாவே உடைஞ்சது, அது இந்த மாவட்டத்துச் சனத்திட மனசில இருக்கு. வான்கதவு திறக்கிறதுக்கும் அணைக்கட்டு உடையிறதுக்கும் வித்தியாசம் தெரியாம நிருபர் எழுதினா உயிருக்கு ஆபத்து. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆத்து மட்டங்களை வெளியிடுது, மகாவலிக்கு மனம்பிட்டியில அளவு எடுக்கிறாங்க. அங்க ஏறினா பிறகு எங்களிட்டத்தான் வரும். அந்த ஒரு இலக்கத்தைப் பாத்து, ஏறுதா இறங்குதா எண்டு நேரத்தோட போட்டாலே பெரிய உதவி.

அதே மாதிரி 2012 ஏப்ரல் 11 சுமாத்திராவில 8.6 நிலநடுக்கம். கரையில இருந்த சனம் எல்லாம் ஓடினது, ஓடினதும் சரி. ஆனா 2004 மாதிரி அலை ஏன் வரேல்ல எண்டு, கடலடித்தட்டு மேல கீழ அசையாம பக்கவாட்டில அசைஞ்சதால எண்டு, பிறகு ஆரும் விளங்கப்படுத்தினவையோ? அது சொல்லாட்டி அடுத்த தரம் சும்மா பயப்படுத்துறாங்க எண்டு சனம் ஓடாம நிக்கும்.

சல்லி மீனவன்:

எங்களையும் கூப்பிடுங்கோ, படம் எடுக்க மட்டும் வராம. கரையில செத்த மீன் ஒதுங்கினா விசமா, சுனாமி வருதா எண்டு எழுத முதல் கரைவலைக்காரரிட்ட கேளுங்கோ. எந்தக் காத்து, தண்ணி என்ன நிறம், ஒரே இன மீனா எல்லாச் சாதியுமா, வலையில இருந்து கொட்டினதா எண்டு நாங்க சொல்லுவம். நாங்க சொல்லுறது மட்டும் முடிவில்ல, நாரா எண்ட அரசாங்க நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்திலயும் கேளுங்கோ, ரெண்டையும் பக்கத்தில வைச்சு எழுதுங்கோ.

புல்மோட்டை ரோட்:

எல்லாம் நல்லம், ஆனா காசை ஒருத்தரும் கதைக்கேல்ல. பிரதேச நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு எண்டுதான் சம்பளம். ஒரு மாசம் மினக்கெட்டு மணல் அகழ்வைப் பற்றி எழுதினாலும் விபத்துச் செய்திக்கு வாற அதே காசு. பெற்றோல், படகு, போன் எல்லாம் கைக்காசு. பயிற்சி குடுத்திட்டு வீட்ட அனுப்பினா பழகினது ஒரு மாசத்தில போயிடும்.

உவர்மலை அக்கா:

தம்பி புல்மோட்டை, நியாயமான கேள்வி. அதுக்குத்தான் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போற காசைக் கதைக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கோ எண்டு சொல்ல வந்தனான். ஆளுக்குச் சின்னத் தொகை, பயணச் செலவு, கதை வெளியான பிறகு மிச்சம். இன்டர்நியூஸிட ஏர்த் ஜேர்னலிசம் நெற்வேர்க் எண்டு ஒண்டு 2004 இல இருந்து இருக்கு, சுற்றாடல் கதைக்கு நிதி குடுக்கிறது அவையிட வேலையில ஒண்டு. உலக விஞ்ஞான ஊடகவியலாளர் சம்மேளனம் இலவசமா இணையத்தில பாடநெறி வைச்சிருக்கு. தமிழில விண்ணப்பம் எழுதுறவருக்கு ஆங்கிலம் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில இருந்து உதவோணும், அதையும் பயிற்சியில ஒரு பங்கா வையுங்கோ. நான் அதுக்கு வாறன்.

நிலாவெளி நிருபர்:

எல்லாருக்கும் நன்றி. ஒருநாள் செயலமர்வை வேண்டாம் எண்டு சொல்லிட்டம், அதே காசை நாலு மாசத்துக்குப் பிரிச்சுத் தர ஏலுமா எண்டு கேட்டிருக்கிறம், யோசிக்கினம். டெஸ்க்கில இருக்கிற ஒராள் வாறன் எண்டு சொல்லிட்டார். முதல் கதை புறாமலை, ஏப்ரலில கடல் அமைதியாகின உடன தொடங்கலாம், பார்க்கடல் மிஸ் அந்த நோவா தரவு பாக்கிறதை ஒருக்கா எங்களுக்குக் காட்டித் தருவீங்களோ? பீ.எச்.ஐ நானா, உங்கட கணக்கு வகுப்பு கிண்ணியாவிலயே வைப்பம், மூதூர் ஆக்களுக்கும் கிட்ட. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் எழுதுற ஆக்கள் ஆரும் இருந்தா கீழ போடுங்கோ, இன்னும் அந்தப் பக்கத்தில இருந்து ஒருத்தரும் சேரேல்ல.