மறு: ஜாஸ் 'ஸ்டாண்டர்ட்' – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) இசைத்தட்டைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். பத்து உருப்படிகளில் நான்கு அவரே அமைத்தவை, ஆறு பிறருடையவை. 'ஸ்டாண்டர்ட்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பழைய நாடகப்பாட்டு, திரைப்பாட்டு என்று பிறந்து, ஜாஸ்காரர் எல்லாருக்கும் மனப்பாடமாகி, அவரவர் போக்கில் விரித்து வாசிப்பது. 'தரப்பாடல்' என்றால் தரமான பாடல் என்றாகிவிடுகிறது.
– செ.

தொல்காப்பிய மரபியலில் முதல்நூல், அதைப் பின்பற்றி எழும் வழிநூல் இருக்கிறதே! அவர் அமைத்தது முதற்பாட்டு, மற்றவை வழிப்பாட்டு. வழிநூலுக்குத் தொல்காப்பியர் சொன்ன தொகுத்தல், விரித்தல், தொகைவிரி மூன்றும் பியானோவுக்கு அப்படியே பொருந்தும். நான்காவது, மொழிபெயர்த்தல். ரோனி ஃபாஸ்டர் ஆர்கனில் வாசித்த 'மிஸ்டிக் ப்ரூ' பியானோவுக்கு வந்தது வேறென்ன?
– இரா.

ஐயா, பிழைதிருத்துபவர் அந்த 'ப்'பை எடுத்துவிட்டால் விஜய் ஐயர் பஜனை வாசித்ததாகிவிடும். தவிர, வழிப்பாட்டு என்பது வாசித்து முடித்த வடிவம். செ. கேட்பது வாசிக்க எடுத்துக்கொள்ளும் மூலத்துக்கு. 'வழக்குப்பாட்டு' சரிவருமா?
– மு.

வழக்கா? கோர்ட்டு வாசனை அடிக்கிறது. கச்சேரிக்காரர்களிடம் 'பாடாந்தரம்' இருக்கிறது. வடமொழி என்று சண்டைக்கு வராதீர்கள்.
– வ.

வடமொழி என்பதற்காக இல்லை அக்கா, பொருளே தலைகீழ். குரு சொல்லிக்கொடுத்தபடி மாறாமல் வருவது பாடாந்தரம். ஸ்டாண்டர்ட் ஆளுக்கு ஆள் மாறத்தான் இருக்கிறது.
– மு.

ஆறையும் ஸ்டாண்டர்ட் என்பதே பிழை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகத்தின் 'சம்வேர்' சரி. 'கலாங்' 2003இல் வந்தது, ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின் பாட்டு. சின்னவயதில் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கட பிள்ளை! ஒரு தமிழச்சியின் பாட்டை ஒரு தமிழர் பியானோவில் வாசிக்கிறார், நாங்கள் பெயருக்கு அடிபடுகிறோம்.
– ந.

ந. அண்ணா சொன்னது உதவியது. 'சம்வேர்' மட்டும் வழக்குப்பாட்டு, மற்ற ஐந்தும் 'பிறர் பாடல்கள்' என்று போட்டேன். அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் 'ஸ்டாண்டர்ட் எனப்படும்' என்றும் சேர்த்தாயிற்று. இரா. ஐயாவுக்காக ஒரே இடத்தில் வழிப்பாட்டு. அனுப்பிவிட்டேன்.
– செ.

ஒற்றோடுதானே?
– இரா.