'குறிப்பிடத்தக்க' என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை: 'சிக்னிஃபிகண்ட்' என்பதற்கு ஒரு சொல்

குளுவாங்கிலிருந்து:

மொழிபெயர்ப்புக் குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

"ஆய்வு முடிவுகளில் வரும் 'ஸ்டேட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகண்ட்' என்பதற்குக் 'குறிப்பிடத்தக்க' என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. அதையே வைத்துக்கொண்டு போவோமே ஐயா, எதற்கு இத்தனை மடல்?" என்று சிரம்பான் தம்பி கேட்டிருந்தார். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். போன மாதம் மாட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் மொழிபெயர்த்த மருத்துவச் செய்தி ஒன்றை வாசித்துவிட்டு, கேட்டைத் திறக்காமலேயே நின்று கேட்டார்: "சார், குறிப்பிடத்தக்க அளவு குறைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு குறைஞ்சது?"

புரட்டிப் பார்த்தேன். அளவே இல்லை. ஆங்கில மூலத்திலும் இல்லை. 'இந்தக் குறைவைத் தற்செயல் என்று சுலபமாகத் தள்ள முடியாது' என்பதுதான் மூலம் சொன்னது. அண்ணன் காதில் விழுந்ததோ 'நிறையக் குறைந்தது'. பிழை அவர் காதில் இல்லை, என் சொல்லில்.

இருக்கிற சொற்களைப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மிகைகாண் நிலை' என்று இருக்கிறது. வகுப்பில் நான் இதைச் சொன்னபோது ஒரு பையன், "மிகைப்படுத்துறதா சார்?" என்றான். அன்றே அந்தச் சொல் எனக்குச் செத்துவிட்டது. மலாயில் 'அராஸ் கெஎர்த்தியான்' என்கிறார்கள். அதிலுள்ள 'எர்த்தி' நம் 'அர்த்தம்' பிறந்த அதே வடமொழிச் சொல்லிலிருந்து போனதுதான். அர்த்தமுள்ள முடிவு என்றாலும் அதே பாராட்டு வாடை அடிக்கிறது. 'முக்கியத்துவம்' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரிய மாற்றம் ஒன்று, தற்செயல் அல்லாத மாற்றம் இன்னொன்று. இரண்டும் வேறு. இதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. செம்பனை (எண்ணெய்ப்பனை) பூவில் மகரந்தம் சேர்க்க ஒரு சிறிய வண்டைக் கெமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் விட்டார்கள். மலேசியாவில் அது முதலில் விடப்பட்டது குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான். அதுவரை அந்த வேலையைக் கையால் செய்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். மகரந்தப் பொடியை ஊதிக்கொண்டு மரம் மரமாகப் போவார். வண்டு வந்த பிறகு குலைகளில் காய் பிடித்ததைப் பார்க்க எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை, அம்மாவின் வேலை போனதே போதும். ஆனால் எல்லா மாற்றமும் அப்படிக் கண்ணில் அறைவதில்லை. பத்தாயிரம் பேரைச் சேர்த்து ஆராய்ந்தால் மிகச் சின்ன வித்தியாசம்கூடச் சோதனையைத் தாண்டிவிடும். அதற்கும் 'சிக்னிஃபிகண்ட்' என்றுதான் பெயர்.

ஆகவே என் பரிந்துரை: 'தற்செயல் கடந்த'. அணுவைவிடச் சிறிய ஹிக்ஸ் துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4 அன்று செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடம் அறிவித்தபோது '5 சிக்மா' என்றார்கள். தற்செயலில் எதிர்பார்ப்பதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதற்கான அளவு அது. துகளே இல்லாமல் பின்னணி ஏற்ற இறக்கம் மட்டும் வரைபடத்தில் அப்படி ஒரு மேட்டைக் காட்ட ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். தற்செயல் கடந்தது என்று தாராளமாகச் சொல்லலாம் அல்லவா?

பினாங்கிலிருந்து:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். 'குறிப்பிடத்தக்க' போகட்டும், சந்தோஷம். ஆனால் 'கடந்த' என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்களே!

2011இல் ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு என்ன செய்தது? செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் உள்ள கிரான் சாசோ ஆய்வுக்கூடத்துக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தியதாக அறிவித்தது. 6 சிக்மா, உங்கள் ஹிக்ஸைவிட ஒன்று கூட. கடைசியில் பார்த்தால் ஒரு ஒளியிழை கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை. அது தற்செயல் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தற்செயல் கடந்த' என்று வாசிக்கிறவர் 'அப்போ உண்மை' என்றுதானே எடுத்துக்கொள்வார்?

மருத்துவத்தில் இன்னும் மோசம். அங்கே வழக்கமான வரம்பு, தற்செயல் மட்டுமே என்றால் 20இல் 1 வாய்ப்புதான். ஒரே தரவை இருபது விதமாக வெட்டிப் பார்த்தால் ஒன்றாவது சும்மாவே வரம்பைத் தாண்டிவிட நிறைய வாய்ப்பு உண்டு. இப்படி வெட்டிப் பார்ப்பதைக் கிண்டல் செய்தவர்கள், மாரடைப்புக்கு மருந்துகளைச் சோதித்த ஐசிஸ்-2 ஆய்வாளர்கள். 1988இல் வெளியான அந்த ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் கொடுத்தவர்களில் 9.4 விழுக்காடு, கொடுக்காதவர்களில் 11.8 விழுக்காடு. (எதிர்வீட்டு அண்ணன் கேட்டது இப்படி ஒரு கணக்கைத்தான்.) அப்புறம் வேண்டுமென்றே நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, கொஞ்சம் கெடுதல் போலக்கூடத் தெரிந்தது! மற்ற ராசிக்காரர்களுக்கு அமோகப் பலன். நம் ஊர் ஜோதிடர் யாராவது இதைப் பார்த்தால் மருந்துக்கடையே திறந்துவிடுவார்.

தற்செயலைக் கடந்ததா இல்லையா என்பதை அந்தச் சோதனை சொல்வதே இல்லை, ஐயா. வேறு சொல் பாருங்கள்.

குளுவாங்கிலிருந்து:

தங்கச்சி சொன்னது சரி. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். விடை ரயில் நிலையக் காப்பிக்கடையில் கிடைத்தது.

எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு வீம்பு. டின் பாலை முதலில் ஊற்றிக் கலக்கிய காப்பிக்கும், பிறகு ஊற்றியதற்கும் ருசி வேறாம். சரி, புள்ளியியலாளர் ஃபிஷர் செய்ததையே செய்து பார்ப்போம் என்றேன். ஃபிஷர் வேலை பார்த்த ராதம்ஸ்டெட் பயிர் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற அறிவியலாளர் தேநீருக்கு இதையேதான் சொன்னார். எட்டுக் கோப்பை, நாலில் பால் முதல், நாலில் பால் பிறகு. அந்த நாலு எவை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ருசியே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் எல்லாம் சரியாக அமைய 70இல் 1 வாய்ப்பு உண்டு. ஒரு கோப்பை மாறினாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால் அது 70இல் 17 ஆகிவிடும். கிட்டத்தட்ட நாலில் ஒன்று, அதில் ஒன்றும் அதிசயம் இல்லை.

அண்ணன் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டார். தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். "எட்டும் சரியா சொல்லியிருந்தா என்ன சார் அர்த்தம்?" என்றார். "ருசி தெரியாமலே இப்படிச் சொல்றது அரிதுண்ணே" என்றேன். வாயில் வந்த பிறகுதான் உறைத்தது. அரிது! ருசி தெரியும் என்று நிரூபித்ததாக நான் சொல்லவில்லை, பெரிய ருசி சின்ன ருசி என்றும் சொல்லவில்லை. தற்செயல் மட்டுமே என்று வைத்துக்கொண்டால் இது அரிது, அவ்வளவுதான். சோதனை செய்வதும் அவ்வளவுதானே? தங்கச்சியின் நியூட்ரினோவும் இதற்குள் அடங்கும்: அரிதுதான், காரணம் கேபிளாகவும் இருக்கலாம்.

ஆக, 'ஸ்டேட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகண்ட்' என்றால் 'தற்செயலில் அரிது'. 'சிக்னிஃபிகன்ஸ் லெவல்' என்றால் 'அரிது வரம்பு'. 'பி-வேல்யூ' (தற்செயல் மட்டுமே என்றால் இப்படி அமையும் வாய்ப்பு) என்றால் 'அரிதெண்'.

'ஸ்டேட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகண்ட்' என்பதையே கைவிடலாம் என்று 2019இல் 800க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டது எனக்கும் தெரியும். அவர்கள் ஓய்வு கொடுக்கிறவரைக்கும் நாம் மொழிபெயர்த்துத்தானே ஆக வேண்டும்.

சிரம்பானிலிருந்து:

ஐயா, 'அரிது' பிடித்திருக்கிறது. ஆனால் 'புள்ளியியல்' என்ற சொல் எங்கே போயிற்று? தலைப்பில் 'தற்செயலில் அரிது' என்று போட்டால் ஏதோ கவிதை மாதிரி இருக்கிறது.

பினாங்கிலிருந்து:

கவிதையாக இருந்தால் இருக்கட்டும் அண்ணா. செய்தியின் உள்ளே வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள்: "வேறுபாடு 2.4 விழுக்காட்டுப் புள்ளி. இது தற்செயலில் அரிது." நிற்கிறது. முன்னால் அளவையும் கேட்டு வாங்குகிறது, எனக்கு அது போதும்.

ஐயா, 'அரிதெண்' மட்டும் வேண்டாம். 0.05ஐவிட 0.001 அரிது. எண் சிறுக்கச் சிறுக்க அரிது கூடும். 'அரிதெண் குறைந்தது' என்று எழுதினால் அரிது குறைந்ததாகத்தான் படிப்பார்கள், நானே அப்படித்தான் படித்தேன். அந்த எண்ணுக்கு 'வாய்ப்பளவு' என்று வையுங்கள். வாய்ப்பளவு வரம்புக்குக் கீழே போனால் அரிது.

குளுவாங்கிலிருந்து:

வாய்ப்பளவு. ஒப்புக்கொண்டேன். 'அரிது வரம்பு', 'தற்செயலில் அரிது' இரண்டும் அப்படியே இருக்கட்டும். நம் மலர் இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். காப்பிக்காசு இன்னும் அண்ணன் தரவில்லை.