மறு: எண்ணெய்க் களிப்பாறையா, எரிபாறையா?

வணக்கம் ஐயா,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஆயில் ஷேலுக்கு (எரியக்கூடிய கரிமப் பொருள் கலந்த பாறை) நீங்க முன்வச்ச 'எண்ணெய்க் களிப்பாறை' படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. நான் நெய்வேலிக்காரன், இங்க பாய்லர் ஆளுங்ககிட்ட எண்ணெய்னு சொன்னா பாய்லரை முதல்ல பத்தவைக்கிறப்ப பீச்சி அடிக்கிற ஃபர்னஸ் ஆயில்தான் ஞாபகத்துக்கு வரும், உள்ள சூடு ஏறினதும் அதை நிறுத்திட்டு லிக்னைட்டுக்கு மாறிடுவாங்க. எஸ்தோனியாவுல நார்வா அனல்மின் நிலையங்கள்ல எரிக்கிறது திரவமே கிடையாது, தோண்டின பாறையை அப்படியே நொறுக்கி உள்ள விடுறாங்க. அதுல இருக்கிறது கெரோஜன்ங்கிற திடமான கரிமப் பொருள், காய்ச்சி வடிச்சாத்தான் எண்ணெயாகும்.

'களி'யும் சரிவரல. அங்க கிடைக்கிற குக்கர்சைட்ங்கிற ஆயில் ஷேல்ல சுண்ணாம்புக்கல் ரொம்ப ஜாஸ்தி, எரிச்சா பாதிக்குக் கிட்ட சாம்பலாவே நிக்கும். புகை விவகாரம் முழுக்க இந்த சுண்ணாம்புலதாங்க இருக்கு. பழைய பாய்லர்ல பொடியாக்கி 1400 டிகிரி கிட்ட எரிச்சப்ப சுண்ணாம்புக்கல்லும் உடைஞ்சு, எரிபொருள்ல இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு போதாதுன்னு கல்லுல இருக்கிறதும் சேர்ந்து சிம்னில போச்சு. 2004 வாக்குல வந்த சிஎஃப்பி பாய்லர்ல (மணலையும் சாம்பலையும் காத்தால தூக்கிச் சுத்தவிட்டு எரிக்கிறது) சூடு 800 சொச்சம்தான், அதனால சுண்ணாம்புக்கல்லுல ஒரு பங்கு உடையாமலே சாம்பலோட வந்துடுது. உடைஞ்ச சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடிச்சு வச்சுக்குது, சல்ஃபர் டை ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லவே இல்லைங்கிற அளவுக்குக் குறைஞ்சிடுச்சு, மத்த இடத்துல இதுக்குன்னு சுண்ணாம்புக்கல்லைத் தனியா வாங்கிப் போடணும். எரிபொருள் சூட்டை மின்சாரமாக்குற திறனும் 30 சதவீதம் கிட்ட இருந்தது, 35 பக்கம் ஏறிச்சு. இவ்வளவும் பாறையோட குணம், அதனால பேர்லயும் பாறைதான் முன்ன நிக்கணும்.

எஸ்தோனியாக்காரங்களே அதை 'எரியும் கல்'லுன்னுதான் சொல்றாங்க. நமக்கு எரிகல் வானத்துலேர்ந்து விழறதுக்குப் போயிடுச்சு, அதனால எரிபாறைன்னு வைக்கலாம். எரிபாறைக் கொதிகலன், எரிபாறைச் சாம்பல்னு ஒட்டுப்போட்டாலும் இடிக்கல.

புதுச்சேரி நண்பர் சிஎஃப்பிக்கு 'மிதவைப் படுகை'ன்னு எழுதியிருந்தார். தம்பி, இதுல மணலும் சாம்பலும் மேல பறந்து, சைக்ளோன்ங்கிற பிரிப்பான்ல பிரிஞ்சு, திரும்பக் கீழ உலைக்கே வருது, வெறுமனே மிதக்கல. 'மீள்சுற்றுப் படுகை'ன்னா அந்த வேலை புரியும்.

புவியியல் பட்டியல்ல ஷேலுக்குக் களிப்பாறையே இருக்கட்டும் ஐயா, அதுல எனக்குத் தகராறு இல்லை. மின்நிலையப் பட்டியல்ல மட்டும் எரிபாறையைச் சேர்க்கலாமா, உங்க முடிவைச் சொல்லுங்க.