பாக்கியில 46% ஒரே குழுமத்துகிட்ட: நியாய மதிப்பைக் குறைக்கணுமா?

நோட்டுக்காரன்:
ஆண்டறிக்கைக்கு நோட்ஸ் எழுதிட்டிருக்கேன். பங்குச் சந்தையில பட்டியலிட்ட கம்பெனி, ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேசக் கணக்கு விதிகள்) படி கணக்கு. வரவேண்டிய பாக்கியில 46% மூணே கம்பெனிகிட்ட இருக்கு, மூணுக்கும் முதலாளி ஒருத்தர்தான். எல்லாருக்கும் போல 60 நாள் தவணை. இவ்வளவும் ஒரே இடத்துல மாட்டியிருக்கேன்னு நியாய மதிப்புல (இன்னைக்கு வித்தா கிடைக்கிற விலை) 5% குறைச்சுப் போட்டேன். "இந்த 5 எங்கேருந்து வந்துச்சு?"ன்னு ஆடிட்டர் வட்டம் போட்டுத் திருப்பிட்டார். விற்பனையில அவங்க பங்கு 9, 8, 6%. யாரும் 10% தாண்டலைன்னு பெரிய வாடிக்கையாளர் பத்தின நோட்டுல எதுவும் எழுதலை. எங்கே தப்பு?

பழைய பேரேடு:
ஆடிட்டர் கேட்டது சரி. நாளைக்கு ஒருத்தர் அந்தப் பில்லை உங்ககிட்ட வாங்குறார்னு வைங்க. உங்க கையில அதே வாடிக்கையாளரோட பில் இன்னும் எத்தனை இருக்குன்னு பார்த்தா விலை பேசுவார்? பணம் வருமா, எப்போ வரும், அவ்வளவுதான் பார்ப்பார். குவிஞ்சு கிடக்கிறது உங்க பிரச்சினை, பில்லோட குணம் இல்லை. வச்சிருக்கிற அளவுக்காகக் கழிக்கிறதை நியாய மதிப்பு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 13 அனுமதிக்கிறதில்லை. குறுகிய காலப் பாக்கிக்குப் புத்தக மதிப்பே நியாய மதிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம்னா, பாக்கி, கடன் மாதிரி விஷயங்களை நோட்ஸ்ல காட்டுற விதியான ஐஎஃப்ஆர்எஸ் 7 படி தனியா நியாய மதிப்பே காட்ட வேண்டாம். அந்த 46%ஐக் கடன் இடர் (பணம் வராமப் போற ஆபத்து) நோட்டுல எழுதுங்க.

விற்பனை விஷயத்துல தப்பு உங்களுதுதான். ஒரே கட்டுப்பாட்டுல இருக்கிற கம்பெனிங்க தொழில் பிரிவுவாரி விவரம் கேட்கிற ஐஎஃப்ஆர்எஸ் 8க்கு ஒரே வாடிக்கையாளர். மூணும் சேர்ந்து 23% ஆச்சு, 10%ஐத் தாண்டிருச்சு. தொகையும் எந்தப் பிரிவுல வந்ததுன்னும் சொல்லணும், பேர் சொல்ல வேண்டாம்.

வசூல்ராணி:
23% விற்பனைக்கு 46% பாக்கியா? ஆண்டு கடைசியில மொத்தமா பில் போட்டிருந்தாலொழிய, மத்தவங்களைவிட மூணு மடங்கு நாள் எடுத்துக்கிறாங்கன்னுதான் அர்த்தம். வயதுப் பட்டியலை (எந்தப் பில் எத்தனை நாளா நிக்குதுன்னு காட்டுறது) எடுத்துப் பாருங்க தம்பி.

நோட்டுக்காரன்:
பார்த்தேன் அக்கா. மூணுல ஒரு பங்கு 90 நாள் தாண்டிருச்சு. மூணுக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண் இருந்ததால ஒண்ணா தெரியவே இல்லை. அதுல ஒரு பகுதியை 2 வருஷத் தவணையா, வட்டியில்லாம எங்க கம்பெனியிலயே மாத்திக் குடுத்திருக்காங்க.

பழைய பேரேடு:
அப்போ கதையே வேற. எல்லாரையும் ஒரே வராக்கடன் ஒதுக்கீட்டு அட்டவணையில போடாதீங்க, இவங்களைத் தனியா எடுத்து எதிர்பார்க்கும் கடன் நட்டம் (எவ்வளவு வராமப் போகும்ங்கிற மதிப்பீடு) கணக்கிடுங்க. இதுவரை ஏமாத்தினதில்லைன்னு பழைய நட்ட விகிதம் பூஜ்யம்னு காட்டும், நம்பாதீங்க. தவணைப் பகுதிக்குப் புத்தக மதிப்பே போதும்னு சொல்ல முடியாது. அவங்க கடன் தகுதிக்கேத்த இன்றைய சந்தை வட்டியைக் கழிச்சு வர்ற இன்றைய மதிப்பை நியாய மதிப்பாக் காட்டணும். அந்த விகிதத்துல சந்தையில பார்க்க முடியாத அனுமானம் பெரிசா இருந்தா லெவல் 3, அதாவது நியாய மதிப்புப் படிநிலையில கடைசிப் படி.

வசூல்ராணி:
கணக்குல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அவங்க திவாலானா, அதுவும் பெரும்பாலும் இந்த வருஷக் கணக்குலதான் வரும், ஐஏஎஸ் 10 (ஆண்டு முடிஞ்ச பிறகு நடக்கிறதுக்கான விதி) படி. கணக்கு மூடியாச்சுன்னு விட்டுடாதீங்க.

நோட்டுக்காரன்:
5%ஐ எடுத்துட்டேன். ஒதுக்கீடு அதைவிடப் பெரிசா வருது. முதல்ல நிதி இயக்குநர்கிட்ட சொல்லிட்டு வரேன்.